எங்கள் ஊர் நேயர் விருப்பம்

மலர்க்குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் போன மாதம் போன் பண்ணினான். "மாப்ள, இந்த மலருக்கு நீ ஒரு கட்டுரை தரணும். இன்ஜினியரிங் சமாச்சாரம் வேண்டாம், யாரும் படிக்க மாட்டாங்க. இப்ப என்ன பாட்டு கேக்குற, நாங்க எதக் கேக்கலாம்னு எழுது. ஹாஸ்டல்ல நீதான எல்லாருக்கும் பாட்டு சப்ளை" என்றான்.

சரி என்று உட்கார்ந்து பத்துப் பாட்டு எழுதினேன். எழுதி முடித்ததும் ஒரு யோசனை வந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், "இதை எனக்கு முதலில் சொன்னது யார்?" என்று எழுதிப் பார்த்தேன். பத்தில் ஒன்றுகூட நானாகத் தேடிக் கண்டுபிடித்தது இல்லை! ஒன்று அப்பாவின் கேசட்டில் இருந்தது. ஒன்று மினிபஸ்ஸில் கேட்டது. இரண்டு சீனியர் அண்ணன் கொடுத்தது. ஒன்று கடல் தாண்டி வந்தது. அந்த "யார்" என்பதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் நூறு வருஷத்துக்கு மேலான சரித்திரம் வந்து நிற்கிறது. ஆகவே பாட்டுப் பட்டியலைக் கடைசியில் தருகிறேன். முதலில் அந்தச் சரித்திரம். எங்கள் சாணார்பட்டியில் நின்றுகொண்டு பார்த்த சரித்திரம்தான்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வரி: திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போகிற ரோட்டில், ஒரு பக்கம் சிறுமலை தெரிய, மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற ஊர் சாணார்பட்டி. ஊராட்சி ஒன்றியத் தலைநகரம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

தட்டும் குழாயும்

நம் நாட்டில் இசைத்தட்டுக்காகப் பாட்டைப் பதிவு செய்யும் வேலை 1902-ல் கல்கத்தாவில் தொடங்கியது. இங்கிலாந்துக் கிராமபோன் கம்பெனிக்காக பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கப்பலில் வந்து இறங்கினார். அன்றைக்குப் பாடியவர்களில் ஒருவரான கௌஹர் ஜான் இசைத்தட்டு மூலம் நாடு முழுக்கப் பிரபலமானார். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம்தான் இடம். ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் விஸ்தாரமாக வாசிக்கிற வித்வானும் மூன்று நிமிஷத்தில் முடித்தாக வேண்டும். பின்னால் வந்த சினிமாப் பாட்டு மூன்று, நான்கு நிமிஷ அளவிலேயே நின்றுபோனதற்கு இந்தத் தட்டும் ஒரு காரணம். ஆக, பாட்டின் நீளத்தை முதலில் முடிவு செய்தது ரசனை அல்ல, மெஷின்.

கிராமபோன் பெட்டி வசதியானவர்கள் வீட்டுச் சாமான். எங்கள் ஊர் ஜனங்களுக்குப் பாட்டு வந்த வழி வேறு: மைக் செட். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்றால் விடியற்காலை நாலு மணிக்கே வேப்பமரத்தில் கட்டிய குழாய் பாட ஆரம்பித்துவிடும். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அதன் பிறகு டி.எம்.எஸ். முருகன் பாட்டு, எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. வெயில் ஏறின பிறகுதான் சினிமாப் பாட்டு. எங்கள் தெரு மைக் செட் மாமாவின் தகரப் பெட்டியில் நாகூர் ஹனிபாவும், வேளாங்கண்ணி மாதா பாட்டும், கட்சிப் பாட்டும் ஒரே அடுக்கில் இருக்கும். அந்த அடுக்கில் மதச் சண்டை வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு இன்ஜினியராக இதையும் சொல்லிவிடுகிறேன். கூம்புக் குழாய்க்குக் கரண்ட்டைச் சத்தமாக மாற்றும் திறன் அதிகம். சின்ன ஆம்ப்ளிபயரை வைத்தே பக்கத்து ஊர் வரை கேட்க வைக்கலாம். ஆனால் கனத்த கீழ் ஸ்தாயி அதில் எடுபடாது. மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் காணாமல் போய்விடும். மனுஷக் குரல் இருக்கிற நடு ஸ்தாயிதான் கணீரென்று வரும். டி.எம்.எஸ்., சீர்காழி மாதிரி குரல்கள் ஊர் ஊராக ஆட்சி செய்ததற்கு அவர்கள் திறமையோடு இந்தக் கூம்பும் துணை நின்றது என்பது என் கருத்து.

மாமாதான் எங்கள் ஊரின் முதல் "பட்டியல்காரர்". அவர் பெட்டியில் இருந்தது ஊரின் ரசனை, இல்லாதது ஊருக்கே தெரியாது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கியைத் தடை செய்தன. "நாலு மணிக்குப் பாட்டு போடலேன்னா அது என்ன கல்யாணம்?" என்று மாமா ரொம்ப நாள் புலம்பிக்கொண்டிருந்தார்.

கடல் தாண்டி வந்த குரல்

சென்னையில் 1924-லேயே மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று ஆர்வலர்கள் ஒலிபரப்பு நடத்திப் பார்த்தார்கள். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ல் தொடங்கியது. அடுத்த வருஷம், 1939 மே 16-ல், திருச்சி நிலையம். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு ரேடியோ என்றால் திருச்சிதான். அதற்கு லைசென்ஸ் வேறு எடுக்க வேண்டும், போஸ்ட் ஆபீசில் பணம் கட்ட வேண்டும். 1980-களின் நடுவில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

ஆனால் ஜனங்கள் கேட்க ஆசைப்பட்ட பாட்டு ஒன்று, நிலையம் போட்டது ஒன்று. 1952-ல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டைத் தரம் குறைந்தது என்று நினைத்தவர். படத் தயாரிப்பாளர்களோடு தகராறும் சேர்ந்துகொள்ள, அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. சாஸ்திரிய சங்கீதத்தை நாட்டு மக்கள் காதில் ஏற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். நோக்கம் நல்லதுதான். ஆனால் காது என்ன வாய்க்காலா, நாம் மடையைத் திருப்பின பக்கம் ஓட? ஜனங்கள் ரேடியோ முள்ளைத் திருப்பினார்கள். அது போய் நின்ற இடம் கொழும்பு.

இலங்கையில் 1925-லேயே வானொலி வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினருக்காக ஏக்கலவில் சக்தி வாய்ந்த சிற்றலை நிலையம் அமைந்தது. போருக்குப் பின் அது இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. படை வீரர்களுக்காக வைத்த டிரான்ஸ்மிட்டர், கடைசியில் திண்டுக்கல் டீக்கடைக்குப் பாட்டுப் பாடியது! இந்தியில் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா 1952-ல் தொடங்கி வடக்கைக் கட்டிப்போட்டது. தமிழில் எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று ஒரு பெரிய வரிசை. "பொங்கும் பூம்புனல்" என்று சொன்னால் இன்றைக்கும் எங்கள் அப்பா நிமிர்ந்து உட்காருவார். டில்லியும் விஷயம் புரிந்து 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதியைத் தொடங்கியது. ஆனாலும் இலங்கை வானொலியின் பிடி 1980-கள் வரை தளரவில்லை.

அப்பா அப்போது இளவட்டம். நேயர் விருப்பத்துக்குக் கடிதம் எழுதிப் போட்டுக்கொண்டே இருப்பாராம். பாட்டின் பெயர், படம், தன் பெயர், நண்பர்கள் பெயர், கடைசியில் ஊர்ப் பெயர். வாரக்கணக்கில் காத்திருந்தும் பெயர் வரவில்லை. ஒரு நாள் கிணற்றடியில் கமலை ஓட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுச் சித்தப்பா ஓடி வந்து, "டேய், ஒன் பேர சொல்லிட்டான்டா! சாணார்பட்டின்னு கொழும்புல சொல்லிட்டான்டா!" என்றாராம். அப்பா வீட்டுக்கு ஓடுவதற்குள் பாட்டே முடிந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ரேடியோவில் வந்த தன் பெயரை அவர் காதால் கேட்கவே இல்லை. ஆனால் ஊர் கேட்டது. இன்றைக்கும் அந்தச் சித்தப்பா சாட்சி.

அந்த ரேடியோவை இன்னொரு காரணத்துக்காகக் கேட்டவர் எங்கள் அப்பத்தா. அவருடைய அண்ணன் சின்ன வயசிலேயே தேயிலைத் தோட்ட வேலைக்குக் கண்டிச் சீமைக்குப் போனவர். ஒன்றிரண்டு கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டு, மலையகத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் தாயகம் திரும்பினார்கள். கொடைக்கானல் மலைப் பக்கமும் பலர் வந்து குடியேறினார்கள். அப்பத்தாவின் அண்ணன் வரவில்லை. ரேடியோ பாடும்போது அப்பத்தா, "எங்கண்ணன் இருக்க சீமைல இருந்துதான பேசுறாக" என்று பக்கத்தில் வந்து உட்காருவாராம். பாட்டு அவருக்கு முக்கியமில்லை. பாட்டு வருகிற திசைதான் முக்கியம்.

அறுபது நிமிஷம், பன்னிரண்டு பாட்டு

பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கேசட்டைக் கொண்டு வந்தது. எங்கள் பக்கம் அது பரவியது 1980-களில், வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் டூ-இன்-ஒன் வாங்கி வந்த பிறகு. அதுவரை கேட்பதை நிலையம் முடிவு செய்தது. கேசட் வந்ததும் நாமே முடிவு செய்யலாம் என்று ஆயிற்று. அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு பாட்டு. தொண்ணூறு நிமிஷம் என்றால் பதினெட்டு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரெக்கார்டிங் கடையில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், நாலு நாளில் பதிந்து தருவார்கள்.

இந்தக் காலத்தின் நாயகர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. 1976-ல் "அன்னக்கிளி" வந்தபோது பண்ணைப்புரமும் எங்கள் ஊரும் ஒரே மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான். "நம்ம பக்கத்துப் பையன் மியூசிக் போட்டுருக்கான்" என்று ஜனங்கள் சொன்னதில் தப்பில்லை. வயக்காட்டு மெட்டை எடுத்து வயலின் கூட்டத்துக்கு நடுவே வைத்துக் காட்டினார் இளையராஜா. நம் வீட்டுப் பாட்டும் பாட்டுதான் என்று முதல் தடவையாக எங்கள் ஜனங்களுக்குத் தோன்றியது.

ரெக்கார்டிங் கடை அண்ணன் சும்மா பதிகிறவர் அல்ல, ஆசிரியர் மாதிரி. "அண்ணே, சோகப் பாட்டுக்குப் பின்னாடி குத்துப் பாட்டப் போட்டா நல்லாவா இருக்கும்? மாத்திப் போட்டுத் தாரேன்" என்று அப்பாவிடமே சொல்வாராம். அப்பாவின் ஒரு கேசட்டில் ஏ பக்கம் ஆறு பாட்டு முடிந்த பிறகு கொஞ்சம் இடம் மிச்சம். வீணாகப் போகிறதே என்று அண்ணன் அதில் ஒரு வாத்திய இசையைப் பதிந்துவிட்டார். வயலின்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும், திடீரென்று பாதியில் டேப் அறுந்தது மாதிரி நின்றுவிடும். எனக்கு அப்போது ஒன்பது வயசு. அந்தப் பாதிப் பாட்டை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். பேர் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை.

மலையிலிருந்து இறங்கிய பாட்டு

என் தலைமுறைக்குக் கோடை பண்பலையும் மினிபஸ்ஸும்தான் பள்ளிக்கூடம். கொடைக்கானல் வானொலி, 100.5 மெகாஹெர்ட்ஸ். எப்.எம். அலை நேர்கோட்டில் போகிற ஜாதி, பூமியின் வளைவைத் தாண்டி வளைந்து வராது. அதனால் ஆன்டெனா எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம். மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும். சமவெளியிலிருந்து கொடைக்கானல் 1,800 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 175 கிலோமீட்டர்! பட்டணத்துக் கோபுரங்கள் ஒரு மாவட்டத்தைத் தாண்டத் திணறும்போது, இது தென் மாவட்டங்கள் பலவற்றை ஒரே குடையில் கொண்டு வந்தது. தொலைபேசியில் நேயர்கள் பேசும்போது கம்பம் மாமாவும் ராஜபாளையம் அக்காவும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது மாதிரி இருக்கும்.

1997-ல் தமிழகத்தில் மினிபஸ் திட்டம் வந்தது. குக்கிராமத்துக்கெல்லாம் பஸ் வந்தது, பஸ்ஸோடு பாட்டும் வந்தது. டிரைவர் அண்ணனின் ரசனைதான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் ரசனை. "ரோஜா" (1992) வந்து சில வருஷம் ஆகியிருந்த நேரம். ரஹ்மான் பாட்டு வேண்டும் என்று பின் சீட்டுக்காரர்கள் கத்துவார்கள், ராஜா பாட்டுதான் என்று டிரைவர் பிடிவாதம் பிடிப்பார். சண்டை போட்டாலும் முகம் பார்த்துப் போட்ட சண்டை அது.

விடுதி அறை

2006-ல் நம் கல்லூரிக்கு வந்தேன். விடுதியில் என் அறையில் நாலு பேர். ராமநாதபுரத்துக்காரன் நாகூர் ஹனிபா கேட்பான். வடசென்னைக்காரன் கானாவைத் தவிர எதையும் பாட்டாக மதிக்க மாட்டான். நாகர்கோவில்காரன் கிறிஸ்தவப் பாடல் குழுவில் கிட்டார் வாசித்தவன், அவனுக்கு எல்லாம் இங்கிலீஷ். நான் ராஜா கட்சி. முதல் செமஸ்டர் முழுக்கச் சண்டை. இரண்டாவது செமஸ்டரில் பார்த்தால் நான் கானாவை முணுமுணுக்கிறேன், வடசென்னை நண்பன் குளித்துக்கொண்டே ஹனிபா பாட்டைப் பாடுகிறான்.

எம்.பி.3 காலம் அது. ஐந்து நிமிஷப் பாட்டு ஏறக்குறைய ஐந்து எம்.பி. ஒரு ஜி.பி. மெமரி கார்டில் இருநூறு பாட்டு. பன்னிரண்டு பாட்டிலிருந்து இருநூறுக்குத் தாவினோம்! சீனியர் அண்ணன் ஒருவர் மலேசியத் தமிழர்களான யோகி பி, நட்சத்ரா குழுவின் "வல்லவன்" (2006) ஆல்பத்தைப் புளூடூத்தில் அனுப்பினார். தமிழில் ராப் வருமா என்று கேட்டவர்கள் எல்லாம் மறுநாள் அதையே பாடினோம். அதே அண்ணனின் கம்ப்யூட்டரில்தான் ஒரு நாள் ராத்திரி, என் ஒன்பது வயசுப் பாதிப் பாட்டு ஓடியது. இளையராஜாவின் "ஹவ் டு நேம் இட்" (1986). அன்றைக்கு அதை முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன். ரெக்கார்டிங் கடை அண்ணன் நினைவு வந்து கண் கலங்கிவிட்டது. பசங்க பார்த்துச் சிரித்தார்கள்.

அப்பத்தாவின் பாட்டு

இனிச் சொல்லப்போவது நான் யாரிடமும் அதிகம் சொல்லாதது.

2008 கோடை விடுமுறை. ரெக்கார்டர் வைத்த போன் ஒன்றோடு ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் பாட்டு போட்டுக்கொண்டிருந்தபோது அப்பத்தா கேட்டார்: "ஏய்யா, எம்பாட்டும் அதுல வருமா?" வரும் என்றேன். அப்பத்தாவுக்கு நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி எல்லாம் தெரியும். ஆனால் ஊரில் அவருக்குப் பேர் ஒப்பாரியில்தான். எந்த வீட்டில் சாவு என்றாலும் அப்பத்தாவைத் தேடி ஆள் வரும்.

"வீட்ல ஒப்பாரி பாடக்கூடாதுய்யா, ஆகாது. தோப்புக்கு வா" என்று மாந்தோப்புக்குக் கூட்டிப் போனார். மரத்தடியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் ஒற்றிக்கொண்டு கண்டிச் சீமைக்குப் போன அண்ணனைப் பாடினார். அவர் சாவுச் செய்தி வரவே இல்லை, ஆகவே அவருக்காக ஒப்பாரி வைக்கவும் வழியில்லாமல் இருந்தது. அன்றைக்கு எனக்காக, அல்லது அந்தப் போனுக்காக, முதல் தடவையாக வைத்தார். கப்பல் ஏறின துறை, வராத கடுதாசி, ரேடியோப் பெட்டி எல்லாம் அந்தப் பாட்டில் வந்தது. இருபது நிமிஷம் இருக்கும். முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, "புடிச்சிருச்சா?" என்றார். பிடித்துவிட்டது அப்பத்தா என்றேன்.

விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பினேன். புதுப்படப் பாட்டு ஒன்று வந்திருந்தது. கார்டில் இடமில்லை என்று போன் சொன்னது. பேர் வைக்காத கோப்பு ஒன்று கண்ணில் பட்டது. வெறும் "ரெக்கார்டிங்" என்றும் ஒரு நம்பரும் இருந்தன. எதுவென்று திறந்துகூடப் பார்க்காமல் அழித்துவிட்டேன். என்ன அழித்தேன் என்று மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது. அடுத்த லீவில் மறுபடி பாடச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த லீவில் அப்பத்தா, "ஒருக்கா வச்சாச்சுய்யா. ரெண்டு தரம் வக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். 2011-ல் காலமானார்.

பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கால போன்கள் குரலைச் செகண்டுக்கு ஏறக்குறைய 12 கிலோபிட் வேகத்தில் சுருக்கிப் பதியும். இருபது நிமிஷம் என்றால் இரண்டு எம்.பி.கூட வராது. நான் ஏற்றின புதுப்பாட்டு ஐந்து எம்.பி. அதாவது, அப்பத்தாவை அழித்தும் இடம் பத்தவில்லை. இன்னொரு பாட்டையும் சேர்த்து அழித்திருக்கிறேன். அந்தப் புதுப்பாட்டு என்ன என்பது இன்று எனக்கு நினைவில்லை.

அப்பத்தா சாவுக்குப் பறை அடித்தார்கள். சின்ன வயசில் அதைக் "கொட்டு" என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், இசை என்று யாரும் சொன்னதில்லை. அடிக்கிறவர்களைத் தெருவில் தள்ளி நிற்க வைத்த ஊர்தானே! அன்றைக்குத்தான் அந்தக் கைகளின் கணக்கை உட்கார்ந்து கேட்டேன். நம் திண்டுக்கல் பக்கத்துச் சின்னாளபட்டியில் சக்தி கலைக்குழு என்று பெண்களே பறை எடுத்து மேடையேறி ஆடும் குழு இருக்கிறது. அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி டாக்குமெண்டரி எடுத்திருக்கிறார். ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருந்ததைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இப்போது கேட்பவை

இன்றைக்குப் போனில் கோடிக்கணக்கான பாட்டு. "உங்களுக்காக" என்று அதுவே பட்டியல் போட்டுத் தருகிறது. உங்களைப் போலவே கேட்கிற இன்னொருவர் அடுத்து எதைக் கேட்டார் என்று பார்த்து அதை உங்களுக்கு நீட்டுவதுதான் அதன் முக்கியமான வித்தை. நல்ல வித்தை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதோடு சண்டை போட முடியாது. இடம் மிச்சமிருக்கிறதே என்று பிரியத்தோடு ஒன்றைச் சேர்க்காது. எல்லாவற்றுக்கும் மேல், யாரோ பதிந்து ஏற்றியதைத்தான் அது காட்டும். ஏற்றாததை அதற்குத் தெரியாது. மைக் செட் மாமாவின் பெட்டிதான், அளவு மட்டும் பெரிசு.

தோழன் கேட்ட பட்டியல் இதோ:

1. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். "கொஞ்சும் சலங்கை" (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போடுவதில் தொடங்குங்கள். பிறகு அவருடைய கச்சேரிப் பதிவுகளுக்குப் போங்கள்.

2. நாகூர் ஹனிபா. நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள், முடிந்தால் பழைய கூம்பிலும் கேளுங்கள்.

3. இலங்கைப் பாப் பாடகர் ஏ.ஈ. மனோகரன். எங்கள் அப்பா தலைமுறை கல்யாண வீட்டில் ஆடியது இவர் பாட்டுக்கு.

4. "ஹவ் டு நேம் இட்". கேட்டு முடித்ததும் ஜெர்மானிய மேதை பாக் எழுதிய தனி வயலின் படைப்புகளைக் கேளுங்கள். யாரோடு ராஜா பேசிக்கொண்டிருந்தார் என்று புரியும். 2025 மார்ச் 8-ல் லண்டனில் அவர் சிம்பொனி அரங்கேறியதன் வேர் இங்கே இருக்கிறது.

5. கொல்லங்குடி கருப்பாயி ("ஆண் பாவம்", 1985), பரவை முனியம்மா ("தூள்", 2003), விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன். மூவரும் நம் மண்ணின் குரல்.

6. "வல்லவன்" (2006), 2018-ல் மேடையேறிய "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்", அதன்பின் "எஞ்சாயி எஞ்சாமி" (2021). இந்த வரிசையில் கேட்டால், ஒப்பாரி எப்படி ராப்புக்குள் வந்து உட்கார்ந்தது என்று தெரியும்.

7. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டு அலி பார்க்கா டூரே, அமெரிக்கரான ரை கூடரோடு சேர்ந்து செய்த "டாக்கிங் டிம்பக்டூ" (1994). இவர் விவசாயி, தன் ஊருக்கு மேயராகவும் இருந்தவர். கிட்டார் சத்தத்தில் வறண்ட பூமியின் வெயில் தெரியும். சாணார்பட்டிக்காரனுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஒரு வேண்டுகோள்

பட்டியல் ஏழில் நிற்கிறது. பத்து எழுதித்தான் உட்கார்ந்தேன், மூன்றை அடித்துவிட்டேன். அந்த மூன்று இடத்தையும் உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.

இன்றைக்குப் படிக்கிற தம்பி, தங்கைகளுக்குச் சொல்கிறேன். உங்கள் கையில் இருக்கிற போன், என் 2008 போனைவிடப் பல மடங்கு நன்றாகப் பதியும். அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது அப்பத்தா, அம்மாச்சி, பெரியப்பா யாரிடமாவது ஒரே ஒரு பாட்டுக் கேளுங்கள். முதலில் அவர்கள் சம்மதத்தைக் கேளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். பாடினவர் பேர், ஊர், தேதி, எந்தச் சமயத்தில் பாடுகிற பாட்டு என்பதையும் அதே பதிவில் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். முக்கியமாக, கோப்புக்குப் பேர் வையுங்கள். இரண்டு இடத்தில் காப்பி வையுங்கள். பேர் இல்லாத கோப்பைத்தான் எவனாவது அழிப்பான்.

பழைய மாணவர் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். கூட்டத்தில் வழக்கமான ஆர்கெஸ்ட்ரா இருக்கட்டும், நானும் ஆடத்தான் வருவேன். அதோடு அரை மணி நேரம் "நேயர் விருப்பம்" என்று ஒதுக்குங்கள். சந்தைக்கு வராத, தங்கள் வீட்டுப் பாட்டு ஒன்றை விரும்புகிறவர்கள் கொண்டு வந்து போடட்டும். போடும்போது பாடினவர் பேரையும் ஊரையும் மைக்கில் சொல்லுங்கள். அந்தப் பதிவுகளை நம் கல்லூரி நூலகத்தில் சேர்த்து வைக்கலாம். அதற்கான ஹார்டு டிஸ்க்கை நான் வாங்கித் தருகிறேன்.

என்னால் அப்பத்தாவைக் கொண்டு வர முடியாது. ஆனால் அப்பாவுக்கு நடவுப் பாட்டில் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. போன மாதம் பதிந்துவிட்டேன். ஏழு நிமிஷம், பேரோடு, ஊரோடு, மூன்று காப்பி. கூட்டத்துக்கு அப்பாவையும் அழைத்து வருகிறேன். "சாணார்பட்டி" என்று மைக்கில் சொல்லும்போது இந்தத் தடவை அவர் அங்கே இருக்க வேண்டும்.